எரர் வந்தால் எழுதிப் போடுங்கள்

வ. புதுப்பட்டியில் இருந்துகொண்டு பைத்தான் நிரல்மொழி கற்கிற ஒருவருக்கு அடுத்த தெருவில் அது தெரிந்தவர் கிடைப்பது அரிது. கலசலிங்கம் பல்கலைக்கழகம் கிருஷ்ணன்கோவிலில், பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே படிக்கிறவருக்கும் இரவு பதினோரு மணிக்கு எரர் வந்தால் கேட்க ஆள் கைபேசிக்குள்தான் இருக்கிறார். அதற்காக நீங்களும் ஏதாவது ஒரு குழுவில் சேர்ந்திருப்பீர்கள்: காஞ்சி லினக்ஸ் பயனர் குழு, விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு, தமிழ் விக்கிமூலம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று. சேர்ந்த பலரும் அடுத்துச் செய்வது வேடிக்கை பார்ப்பதுதான். மற்றவர் கேள்விகளை வாசிப்பார்கள், பதில்களுக்குக் கட்டைவிரல் காட்டுவார்கள், தங்கள் லேப்டாப்பில் எரர் வந்தால் மட்டும் வாய் திறக்கமாட்டார்கள். "இதுகூடத் தெரியாதா?" என்று அத்தனை பேர் முன்னால் யாராவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

அப்படிக் கேட்கிற ஆட்கள் உண்டு. "எல்லாரும் நல்லவர்கள், தைரியமாகக் கேளுங்கள்" என்று எழுதி உங்களை ஏமாற்ற விருப்பமில்லை. ஆனால் முழு விவரத்தோடு வைக்கப்பட்ட ஒரு பிழையைப் பார்த்து ஏளனம் செய்வது கஷ்டம். தெரிந்தவருக்கு அதைப் பார்த்ததும் கை அரிக்கும், தீர்த்துவைக்கத் தோன்றும். தொழில்நுட்பக் குழுக்களில் நட்பு பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது. காலை வணக்கப் படங்களில் முளைத்து நான் பார்த்ததில்லை.

கேள்வியை எழுதும் விதம்

"ஹாய் ப்ரோ, பைத்தான் ஒர்க் ஆகல, ஹெல்ப் பண்ணுங்க."

இதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. பதில் சொல்ல விரும்புகிறவரின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது, அவ்வளவுதான். எந்த லேப்டாப், எந்த நிரல், என்ன செய்யப் பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். நான்காவது கேள்விக்குள் அவருக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். அதே பிரச்சினையை இப்படி எழுதலாம்:

"விண்டோஸ் 10 லேப்டாப். எங்கள் வட்டாரத்து ஊர்ப் பெயர்களை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி, பைத்தானில் திறந்து அச்சிடப் பார்க்கிறேன். நிரல் மூன்றே வரி, கீழே உள்ளது. பெயர்களை ஆங்கிலத்தில் எழுதிய கோப்பு சரியாக வருகிறது. தமிழில் எழுதிய கோப்பைக் கொடுத்தால் ஒரு பெயர்கூட வராமல் நின்றுவிடுகிறது. கோப்பின் முதல் வரி 'வ. புதுப்பட்டி'. நோட்பேடில் தமிழ் நன்றாகத் தெரிகிறது. எரரை அப்படியே ஒட்டியிருக்கிறேன்: பைட் 81ஐப் படிக்க முடியவில்லை, இடம் 10 என்கிறது. கோப்பை மறுபடி சேமித்துப் பார்த்தேன், மாற்றமில்லை."

எரர் வரியை உண்மையில் ஆங்கிலத்திலேயே, வந்தபடியே ஒட்ட வேண்டும். இந்தக் கேள்வியைப் படிக்கும் அனுபவசாலி லேப்டாப்பைத் திறக்காமலே விரல்விட்டு எண்ணிவிடுவார். இன்று நாம் தமிழைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கும். 'வ' மூன்று, முற்றுப்புள்ளி ஒன்று, இடைவெளி ஒன்று, 'ப' மூன்று, அடுத்து வரும் உகரக் குறி மூன்று. சுழியத்திலிருந்து எண்ணினால் பத்தாம் இடத்தில் இருப்பது அந்த உகரக் குறியின் கடைசி பைட். அதன் பதினறும எண் 81. வேறு மாதிரி சொல்லாவிட்டால் விண்டோஸில் பைத்தான் வழக்கமாக கோப்பை யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்வதில்லை; மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான 1252 என்ற பழைய அட்டவணையை எடுத்துக்கொள்கிறது. அந்த அட்டவணையில் 81ஆம் இடம் காலி. அதனால்தான் 'பு'வில் நின்றது. கோப்பைத் திறக்கும் வரியில் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

"ஒர்க் ஆகல" என்பதிலிருந்து இத்தனை தூரம் யாராலும் வந்திருக்க முடியாது. 81 என்ற எண்ணும், 10 என்ற எண்ணும், முதல் வரி என்ன என்பதும் வேண்டியிருந்தன. உங்களுக்கு அர்த்தமில்லாத எண்தான் பதில் சொல்கிறவருக்குத் துப்பு. ஆகவே எரரைச் சுருக்காதீர்கள், மொழிபெயர்க்காதீர்கள், "ஏதோ டீகோட் எரர்" என்று வருணிக்காதீர்கள். கேள்வியைத் தமிழில் கேளுங்கள், எரரை வந்தபடி ஒட்டுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் கூடாதா என்றால், திரையில் தெரிவதே பிரச்சினையாக இருந்தால் படம் போடலாம். எழுத்து உடைந்து தெரிகிறது, பொத்தான் காணவில்லை என்பது போல. மற்றபடி எழுத்தாகவே ஒட்டுங்கள். படத்திலிருந்து யாரும் நிரலை நகலெடுத்து ஓட்டிப் பார்க்க முடியாது, அடுத்த ஆண்டு அதே எரர் வந்தவர் தேடினாலும் கிடைக்காது. திரையைச் சாய்வாகக் கைபேசியில் படம் பிடித்து, விளக்கொளி நடுவில் விழுந்து, எரரின் கடைசி வரி வெட்டுப்பட்டு வரும் படங்களைப் பற்றித் தனி நூலே எழுதலாம். குரல் பதிவும் அப்படித்தான். மூன்று நிமிடம் பேசினால் உங்களுக்கு எளிது. கேட்கிறவர் பஸ்ஸில் இருப்பார்.

ஒட்டுவதற்குமுன் ஒரு கண் ஓட்டம் அவசியம். நிரலுக்குள் கடவுச்சொல், கிட்ஹப் டோக்கன், ஏபிஐ சாவி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். தப்பித் தவறிப் போட்டுவிட்டால் செய்தியை அழிப்பது மட்டும் போதாது. அந்தச் சாவியை உடனே ரத்து செய்து புதிதாக எடுங்கள். பொது இடத்தில் விழும் சாவிகளைப் பொறுக்குவதற்கென்றே ஓயாமல் ஓடும் நிரல்கள் உண்டு.

பதில் கிடைத்தபின்

பெரும்பாலான கேள்விகள் "ஓகே ப்ரோ, சரியாயிடுச்சு" என்று முடிகின்றன. எப்படிச் சரியானது? யார் சொன்னது பலித்தது? எழுதியிருக்க மாட்டார்கள். இதைவிட மோசம், பதில் கிடைத்ததும் வெட்கப்பட்டுக் கேள்வியையே அழித்துவிடுவது. பதில் எழுதியவரின் அரைமணி நேரம் அந்தரத்தில் நிற்கும்.

திரும்பி வந்து எழுதுங்கள். என்ன தவறு, எது தீர்த்தது, வேறென்ன கண்டீர்கள். மூன்றாவதற்கு ஓர் உதாரணம் தருகிறேன். மேலே சொன்ன எரர் தீர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். கேட்டவர் சும்மா இருக்காமல், பழைய நிரலை மாற்றாமல், 'சிவகாசி' என்று மட்டும் எழுதிய கோப்பைக் கொடுத்துப் பார்க்கிறார். எரரே வராது! அதற்குப் பதிலாக, மேலே தொப்பியும் குறியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் கூட்டமாக வந்து நிற்கும். 'மேகமலை' என்றாலும் அதே கதை. காரணம், அந்த இரு பெயர்களிலும் உகரக் குறியும் இல்லை, புள்ளியும் இல்லை. பழைய அட்டவணையில் காலியாக உள்ள இடங்களில் உகரக் குறியின் 81, புள்ளியின் 8டி இரண்டும் அடங்கும். ஏ, ஐ என்ற உயிரெழுத்துகளும் இப்படி மாட்டிக்கொள்ளும். மற்றவை தவறான எழுத்தாக மாறி, சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். நின்றுபோன நிரல் உங்களிடம் வந்து சொல்கிறது; நிற்காமல் ஓடிய நிரல் ஆயிரம் பெயர்களைக் கெடுத்துவிட்டு வெற்றி என்று காட்டும். இதை ஒருவர் குழுவில் எழுதிப்போட்டால், முதலில் பதில் சொன்ன மூத்தவருக்கேகூட அது புதுச் செய்தியாக இருக்கலாம். உதவி கேட்டு வந்தவர் அங்கிருந்து உதவுகிறவராகிறார்.

பிழை செய்தவரை என்ன செய்வது

குழுவின் சர்வரை ஒருவர் தவறுதலாக அழித்துவிட்டார், எல்லாருடைய வேலையும் போய்விட்டது என்றால்?

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் இதுதான் நடந்தது. உலகம் முழுவதும் நிரலாளர்கள் தங்கள் நிரல்களை வைத்துக்கொள்ளும் தளம் அது. இரவு வேலையை முடித்துக் கிளம்புவதாக இருந்த ஒரு பொறியாளர், தரவுத்தளத்தின் நகல் சர்வரில் வந்த சிக்கலைச் சரிசெய்ய உட்கார்ந்தார். நகலில் உள்ள கோப்புறையைக் காலிசெய்துவிட்டு மறுபடி தொடங்கலாம் என்று அழிக்கும் கட்டளையை ஓட்டினார். ஓட்டியது மூல சர்வரில். ஓரிரு நொடியில் கவனித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் நாலரை ஜிபிதான் மிஞ்சியிருந்தது.

பேக்கப்பைத் தேடினார்கள். தானாக எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டிய பேக்கப் இருந்திருக்க வேண்டிய இடம் காலி. தரவுத்தளத்தின் பதிப்பு ஒன்று, பேக்கப் எடுக்கும் கருவியின் பதிப்பு வேறு. ஆகவே அது ஒவ்வொரு முறையும் தோற்றுப்போயிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்கள் அஞ்சல் பாதுகாப்பு விதியில் மாட்டித் திரும்பிவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் கைகொடுத்தது, அதே பொறியாளர் வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்திருந்த ஒரு நகல். அந்த ஆறு மணி நேரத்து வேலை மட்டும் போனது.

நிறுவனம் இதை மூடி மறைக்கவில்லை. மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. குறிப்புகளைப் பொதுவில் திறந்துவைத்தது. பிற்பாடு வெளியிட்ட அறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயர் இல்லை. 'குழு உறுப்பினர் 1' என்றுதான் இருந்தது. யார் அழித்தது என்பதைவிட, ஏன் இரண்டு சர்வர்களும் திரையில் ஒரே மாதிரி தெரிந்தன, பேக்கப் தோற்றது ஏன் யாருக்கும் எட்டவில்லை என்பவை பெரிய கேள்விகளாயின. செய்ய வேண்டியவை பட்டியலில் ஒன்று மிக எளிமையானது: எந்தச் சர்வரில் இருக்கிறோம் என்பது டெர்மினல் வரியிலேயே பளிச்சென்று தெரியவேண்டும்.

ராஜபாளையம் நூற்பாலைகளில் வேலை பார்த்தவர் உங்கள் வீட்டில் இருந்தால் இது புதிதாக இருக்காது. ஷிப்டு மாறும்போது எந்த ஃபிரேமில் இழை அடிக்கடி அறுகிறது என்பதைச் சொல்லாமல் போனால், அடுத்து வருகிறவர் இரவெல்லாம் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். அறுத்தது யார் என்பதற்கு அங்கே பொழுதில்லை.

உங்கள் குழுவுக்குச் சர்வர் இருக்காது. ஆனால் பகிர்ந்த கோப்பை அழிப்பது, அடுத்தவர் எழுதியதன்மேல் தன்னுடையதை ஏற்றிவிடுவது, சோதனைக்கு எழுதிய நிரலை உண்மைத் தரவில் ஓட்டிவிடுவது எல்லாம் நடக்கும். நடந்ததும் முதல் வேலை, கையை எடுத்துவிட்டுக் குழுவுக்குச் சொல்வது. பதற்றத்தில் தானே சரிசெய்யப் போய் இருந்த கொஞ்சத்தையும் இழப்பவர்களே அதிகம். என்ன கட்டளை கொடுத்தேன், எத்தனை மணிக்கு, எந்தக் கோப்பு என்று எழுதுங்கள். "மன்னிக்கவும்" ஒருமுறை போதும். பத்து முறை எழுதினால் மீட்க வந்தவர்கள் உங்களைத் தேற்றுவதற்கே நேரம் செலவிட வேண்டும். குழுவை நடத்துகிறவராக நீங்கள் இருந்தால், அன்றைக்குத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை பிழை செய்தவர் ஒரு நாள் தள்ளிச் சொல்வார். அந்த ஒரு நாளில் பேக்கப்பின்மேல் புதுப் பேக்கப் ஏறிவிடும்.

திருத்துவதும் திருத்தப்படுவதும்

தமிழ்க் கணிமை இப்படிக் கூடித் திருத்தியே வளர்ந்தது. சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், ஒரு நாட்டில் இருப்பவர் நூலைத் தட்டச்சிட, வேறொரு நாட்டில் இருப்பவர் மெய்ப்புப் பார்த்தார். நேரில் பார்த்துக்கொள்ளாதவர்கள் ஒருவர் பிழையை ஒருவர் களைந்தார்கள்.

இன்றைக்குப் பயிற்சி எடுக்கச் சிறந்த இடம் தமிழ் விக்கிமூலம் என்பேன். நிரல் எதுவும் தெரியவேண்டாம், கைபேசியே போதும். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் 2,000க்கும் மேற்பட்டவை தமிழ் இணையக் கல்விக்கழகம் வழியாக அங்கே வந்தன. பக்கப் படங்களை எழுத்தாக்கும் வேலையைப் பெருமளவில் ஓட்ட, கணியம் இதழை நடத்தும் த. சீனிவாசன் ஒரு பைத்தான் நிரல் எழுதினார். கணினி படித்த தமிழில் பிழை மலிந்திருக்கும். துணைக்காலை 'ர' என்று படித்துவிடும். 'நாகம்' நரகமாகும், 'காடு' கரடாகும். இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் எழுத்துப்பிழை திருத்தி கண்டுகொள்ளாது. மனிதர்தான் பார்க்க வேண்டும்.

அங்கே ஒரு விதியை மென்பொருளுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் பார்த்து முடித்தால் மஞ்சள். இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. அந்தப் பொத்தான் அவருக்குக் கிடைக்காது. எவ்வளவு பெரிய தமிழறிஞராக இருந்தாலும் இதேதான். நம் கண் நம் பிழையைத் தாண்டிப் போய்விடும் என்பதை யாரையும் புண்படுத்தாமல் சொல்லும் ஏற்பாடு இதைவிட நல்லதாக நான் கண்டதில்லை. அங்கே ஐம்பது பக்கம் மஞ்சளாக்கிவிட்டு, அவற்றைப் பச்சையாக்கியவர் என்னென்ன மாற்றினார் என்று வரலாற்றுப் பக்கத்தில் பாருங்கள். உங்களுக்கு எந்தப் பிழை வழக்கமாகத் தப்புகிறது என்பது பட்டியலாகக் கிடைக்கும்.

இதற்கு எதிர்மாறான அனுபவமும் தமிழ் விக்கிக்கு உண்டு. 2009 வாக்கில் கூகுள் நிறுவனம் கட்டணம் கொடுத்து மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றியது. நோக்கம் நல்லது. ஆனால் வாக்கியங்கள் தமிழாக இல்லை, வார்ப்புருக்கள் உடைந்திருந்தன, தலைப்புகள் பலவும் இங்குள்ளவர் தேடாதவை. உரையாடல் பக்கத்தில் சுட்டிக்காட்டினால் ஏற்றியவரிடமிருந்து பதில் வராது. அவர் அடுத்த கட்டுரைக்குப் போயிருப்பார். தமிழ் விக்கிப்பீடியர்கள் குறைகளைத் தொகுத்தார்கள். 2010இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் அ. இரவிசங்கர் அவற்றை ஆய்வாக முன்வைத்தார். பிழைகள் எவ்வளவு என்பது எனக்கு இரண்டாம்பட்சம். சுட்டினால் திரும்பிப் பார்க்க ஆளில்லை என்பதுதான் அங்கே முதல் குறை.

நீங்கள் ஒருவரைத் திருத்தும்போது என்ன எழுதுவது? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 2004இல் தொடங்கிய, எவரும் வரையக்கூடிய உலக வரைபடம் அது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்திருப்பார். கோடையில் எடுத்த படமாக இருந்தால், வறண்ட கண்மாயை விளைநிலம் என்று குறித்திருக்கக்கூடும். மலையடிவாரத்து மாந்தோப்பையும் தென்னந்தோப்பையும் காடு என்று நிறம் பூசியிருக்கக்கூடும். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பகுதி இது. தோப்பா காடா என்பது இங்கே சும்மா நிறம் அல்ல. "ஊரைப் பார்க்காமல் ஏன் வரைகிறாய்" என்று எழுதத் தோன்றும். அதற்குப் பதிலாக:

"நீங்கள் வரைந்ததற்கு நன்றி. இந்த இடம் கண்மாய். செயற்கைக்கோள் படம் கோடையில் எடுத்ததாக இருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் இங்கே தண்ணீர் நிற்கும். பருவகால நீர்நிலை என்று மாற்றியிருக்கிறேன். பக்கத்தில் இருப்பதும் கண்மாய்தான், அதையும் மாற்றலாமா?"

கடைசிக் கேள்வி முக்கியம். அவர் பதில் எழுதுவார். பிறகு உங்கள் வட்டாரத்தில் எதை வரைந்தாலும் உங்களிடம் கேட்டுக்கொண்டு வரைவார்.

வயதில் மூத்தவரைத் திருத்துவது நம்மிடையே தனிக் கலை. முகம் தெரியாத இடத்தில் எல்லாருக்கும் 'நீங்கள்' போட்டுவிடுவது பாதுகாப்பு. 'தம்பி' என்று நீங்கள் அழைத்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக இருக்கலாம்; 'ப்ரோ' என்று அழைத்தவர் பெண்ணாக இருக்கலாம். "அண்ணா, நீங்கள் கொடுத்த வரியால் எரர் போய்விட்டது. ஆனால் நோட்பேடின் பழைய பதிப்பில் சேமித்த கோப்பில் முதல் எழுத்துக்கு முன்னால் ஏதோ ஒட்டிக்கொண்டு வருகிறது. என் பக்கம் தவறா, பாருங்கள்" என்று எழுதினால் அண்ணாவின் மரியாதையும் போகாது, பிழையும் அமுங்காது. மூத்தவர்களுக்கு ஒன்று: இருபது வயதுக்காரர் எல்லார் முன்னாலும் உங்கள் பதிலைத் திருத்தினால், எல்லார் முன்னாலும் "ஆமாம், தவறு" என்று எழுதுங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு, அதுவரை வாய் திறக்காதவர்கள் கேட்க ஆரம்பிப்பார்கள்.

சிலர் கடுமையே தரத்துக்குக் காவல் என்று வாதிடுவார்கள்; லினஸ் டோர்வால்ட்ஸை உதாரணம் காட்டுவார்கள். லினக்ஸை எழுதியவர் எப்படியெல்லாம் திட்டினார் தெரியுமா என்று பெருமையாகச் சொல்வார்கள். அதே டோர்வால்ட்ஸ் 2018 செப்டம்பரில் தன் கடுஞ்சொற்களுக்குப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, சில வாரம் விலகியிருந்துவிட்டு வந்தார். அந்தப் பாதியை ஏனோ சொல்வதில்லை.

எந்தக் குழுவில் இருந்து விலகலாம்

எதைக் கேட்டாலும் "கூகுள் பண்ணு" என்று மட்டும் பதில் வரும் இடம். அட்மினே முழுநேரமும் கட்டண கோர்ஸ் விற்கும் இடம். புதியவர் கேள்விக்கு, வட்டையே அழிக்கும் கட்டளையை வேடிக்கைக்காகப் பதிலாகக் கொடுத்துச் சிரிக்கும் இடம். (குழுவில் கிடைத்த எந்தக் கட்டளையையும், அது என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளாமல் ஓட்டாதீர்கள்.)

பெண்களுக்கு இன்னொன்று. குழுவில் ஒரு கேள்வி போட்டதும் தனிச் செய்தியில் ஐந்து பேர் வந்து நிற்பது பலருக்கும் நடக்கிறது. அதனாலேயே கேட்காமல் இருப்பவர்கள் உண்டு, ஆண் பெயரில் கணக்கு வைத்திருப்பவர்களும் உண்டு. "பதிலைக் குழுவிலேயே எழுதுங்கள், மற்றவர்களுக்கும் உதவும்" என்று ஒருமுறை சொல்லுங்கள். மீறினால் ஸ்கிரீன்ஷாட்டோடு அட்மினிடம் புகார் கொடுங்கள். அட்மின் சிரித்து மழுப்பினால் அந்தக் குழுவில் எவ்வளவு திறமைசாலிகள் இருந்தாலும் வேண்டாம். குழு நடத்துகிறவர்கள், முன்னனுமதி இல்லாமல் தனிச்செய்தி கூடாது என்பதை முதல் விதியாக எழுதிவைக்கலாம். கேள்வி கேட்பவர்களின் எண்ணிக்கை தானாகக் கூடும்.

உங்கள் பிழைப் பதிவேடு

கணினி அறிவியலாளர் டொனால்ட் க்னூத், டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதியபோது 1978 முதல் அதில் கண்ட பிழைகளையெல்லாம் வரிசையாகப் பதிந்துவந்தார். 1989இல் அந்தப் பட்டியலைக் கட்டுரையாகவே வெளியிட்டார். பிழைகளை 15 வகையாகப் பிரித்திருந்தார். மறந்துபோனது, எழுத்துப்பிழை, சுத்தமான மடத்தனம் என்பவையும் அதில் உண்டு. தன் புத்தகங்களில் பிழை கண்டுபிடித்துச் சொல்கிறவருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பும் வழக்கமும் 2008 வரை அவருக்கு இருந்தது. வாங்கியவர்களில் பலர் அதை வங்கியில் போடாமல் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள்.

உங்களுக்குக் காசோலை வேண்டாம், ஒரு நோட்டு போதும். கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு, அல்லது கைபேசியில் ஒரு கோப்பு. ஒவ்வொரு எரருக்கும் தேதி, எரரின் கடைசி வரி, நீங்கள் முதலில் எதை நினைத்தீர்கள், உண்மையில் எது காரணம், யார் சொன்னது என்று எழுதுங்கள். "முதலில் எதை நினைத்தேன்" என்ற பத்தியைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். அதைத்தான் விடக்கூடாது. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்தேன், குறியாக்கம்தான் காரணம். இன்டர்நெட் போய்விட்டது என்று நினைத்தேன், கடவுச்சொல் காலாவதி. இப்படி இருபது வரி சேர்ந்ததும் நீங்கள் எந்தத் திசையில் வழக்கமாகத் தப்பாக ஓடுகிறீர்கள் என்பது தெரியும். யார் சொன்னது என்ற பத்தியும் பயன்படும். ஆறு மாதம் கழித்து அவருக்கு ஒரு கேள்வி வரும், அது உங்களுக்குத் தெரிந்ததாக இருக்கும்.

நோட்டில் ஒரே எரர் மூன்று முறை வந்துவிட்டால், அதைப் பற்றி ஒரு பக்கம் தமிழில் எழுதிக் குழுவில் போடுங்கள். கணியம் போன்ற இதழ்களுக்கும் அனுப்பலாம். தலைப்பில் எரர் வரியை அப்படியே வையுங்கள், தேடுகிறவர்கள் அதைத்தான் தட்டுவார்கள். எழுதி முடித்ததும், நிரலையும் கட்டளைகளையும் வேறொருவர் லேப்டாப்பில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விண்டோஸ் 10இல் எழுதியது லினக்ஸில் வேறுமாதிரி நடந்துகொள்ளும். நம் உதாரணமே லினக்ஸில் எரர் தராது, அங்கே யூடிஎஃப்-8தான் வழக்கம். அதையும் ஒரு வரியில் குறிப்பிட்டுவிடுங்கள்.